சொன்னது, இருந்தது, வித்தியாசம்

எனக்குப் பிடிக்காதவர்கள் என்று அதிகம் பேர் கிடையாது. கோபம் வரும், கத்திவிடுவேன், மறுநாள் மறந்துபோகும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரை மட்டும் இத்தனை வருஷமாகியும் மறக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் மனம் வரவில்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான் பிழைக்கிற பிழைப்பே அவர் சொன்ன ஒரு வார்த்தையால் கிடைத்ததுதான். அதுதான் தொண்டையில் நிற்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன். பெண் பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நாலு கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் அங்கே வந்து சேர்ந்தேன். இயந்திரப் படங்களைக் கம்ப்யூட்டரில் வரையச் சொல்லித்தர வேண்டும். முதல் மாதம் கோடும் வட்டமும். இரண்டாவது மாதம் முப்பரிமாணம்: தட்டையாக வரைந்ததற்கு உயரம் கொடுத்துக் கட்டியாக்குவது, இரண்டு கட்டிகளை ஒட்டுவது, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துத் துளை போடுவது. மொத்தம் ஆறு கம்ப்யூட்டர்கள். ஏசி அறை என்பதால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை அந்த வாசலில், தாறுமாறாகக் கிடந்த ஷூக்களுக்கு நடுவே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் சுவரை ஒட்டி நேராக வைக்கப்பட்டிருந்தது. உள்ளே போனால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முதல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சூலூரில் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். கடன் வாங்கிப் புதிதாக ஒரு மெஷின் இறக்கியிருக்கிறார்களாம். ஃப்ளாப்பியில் படத்தைக் கொடுத்தால் அதில் இருக்கிற கோட்டைப் பிடித்துக்கொண்டு மெஷினே இரும்பை வெட்டுமாம். அந்தப் படத்தைத் திறந்து பார்க்க வீட்டில் ஒருத்தருக்காவது தெரிய வேண்டும் என்று வந்திருக்கிறார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் முப்பது 'ங்க' போட்டிருப்பார். வகுப்பில் இருந்த காலேஜ் பையன்கள் அன்றைக்கே அவரைச் சூலூர் அக்கா ஆக்கிவிட்டார்கள். நான் கடைசிவரை அப்படிக் கூப்பிடவில்லை.

முதல் பாடம், நூறு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. எல்லோரும் போட்டார்கள். அந்த அம்மாவும் போட்டார். போட்டுவிட்டுக் கூடையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். பட்டறையில் அளவு பார்க்கிற வெர்னியர் காலிப்பர். எழுந்து நின்று, அதன் இரண்டு தாடைகளையும் மானிட்டர் கண்ணாடியின் மேல் வைத்துக் கோட்டை அளந்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க நூறுன்னு சொன்னீங்க. இங்கெ அறுபத்தி மூணுதானுங்க இருக்குது."

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. திரையில் ஒரே கோட்டைப் பெரிதாகவும் காட்டலாம், சிறிதாகவும் காட்டலாம், உள்ளே இருப்பது நூறுதான் என்றேன். உள்ளே இருப்பதை அளக்கவும் ஒரு கட்டளையைக் காட்டினேன். கோட்டின் இரண்டு முனைகளிலும் மவுஸால் அழுத்தினால் தூரத்தைச் சொல்லும். அழுத்தினார். நூறு என்று வந்தது. அவர் வெட்கப்படவில்லை. கூடையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் பிரித்தார். பக்கம் முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்திருந்தது. தலைப்பில் சொன்னது, இருந்தது, வித்தியாசம் என்று எழுதியிருந்தது. அவற்றின் கீழே நூறு, அறுபத்து மூன்று, முப்பத்தேழு என்று எழுதினார். அடுத்த வரியில் நூறு, நூறு, இல்லை. தேதியும் போட்டார். எனக்கு அப்போதே அந்த நோட்டைப் பிடிக்காமல் போனது.

அவர் யார் என்று கேட்டால் அந்த மூன்று கட்டம்தான். உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் முதல் கட்டத்தில் எழுதிக்கொள்வார். பிறகு போய் அளப்பார். மாதத்துக்கு ஒரு சண்டையாவது போட்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். சண்டையே கிடையாது, குரலே உயராது. கொங்குக்காரர்கள் மரியாதையானவர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். அந்த மரியாதையைக் கொண்டே ஆளைச் சாய்க்கவும் முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். வேண்டியவர்களிடம் அவர்கள் 'ங்க'வை விட்டுவிடுவார்கள், கண்ணு என்பார்கள், வா போ என்பார்கள். பையன்களிடம் அவர் அப்படித்தான் பேசினார். என்னிடம் ஒரு நாள்கூட விடவில்லை.

கீழே ஜவுளிக்கடையில் ஒரு தடவை ரவிக்கைத் துணி வாங்கினார். எண்பது சென்டிமீட்டர் என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். இவர் கூடையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, கல்லாவுக்குப் பக்கத்திலேயே, மற்ற வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க, மடிப்பை நீவி நீவி அளந்தார். எழுபத்தாறு. திருப்பிக் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டு, வாரனுங்க என்று கும்பிட்டுவிட்டு மாடிக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் அந்த மனிதர் கவுண்டரில் இல்லை. குடோனுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும், நாலு சென்டிமீட்டருக்கு இது தேவையா என்று நான் நேராகவே கேட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே அம்மணி. அளந்தது எத்தனையோ அதை எழுதுனனுங்க."

அடுத்தது என் முறை. சென்டர் முதலாளி பி.காம் படித்தவர். கம்ப்யூட்டரைத் துடைக்கச் சொல்வாரே தவிரத் தொட மாட்டார். அவர் ஒரு நாள் வகுப்புக்கு வந்து பயிற்சி எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்த அம்மா நோட்டைத் திறந்து வாசித்தார். வகுப்பு இரண்டு மணி நேரம் என்று சொன்னது, நடந்தது ஒரு மணி நாற்பது நிமிஷம், வித்தியாசம் இருபது நிமிஷம். பதினோரு நாள் கணக்கு, தேதியோடு. முதலாளி என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டினார். அந்த அரை மணியும் வகுப்பு நேரத்தில்தான் போனது. வெளியே வந்தபோது அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்ததை நான் பார்த்தேன்.

முப்பரிமாணப் பாடத்துக்கு ஆளுக்கொரு பொருளை வடிக்கச் சொல்லியிருந்தேன். பையன்கள் டம்ளர், சோப்புப் பெட்டி என்று தப்பித்துக்கொண்டார்கள். இவர் பட்டறையிலிருந்து வார்ப்பிரும்பு பிராக்கெட் ஒன்றைக் கூடையில் சுமந்துகொண்டு சூலூர் பஸ்ஸில் வந்தார். மோட்டாரையும் பம்பையும் சேர்த்துப் பிடிக்கிற பாகம், நாலு கிலோ இருக்கும். அதைக் கொண்டுவந்து என் மேஜையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதை அளந்து அளந்து மூன்று வாரம் வடித்தார். முடிந்ததும், இதோட எடையை இது சொல்லுமாங்க என்றார். சொல்லும். கன அளவைக் கொடுக்கும், இரும்பின் அடர்த்தியால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பெருக்கினோம். தராசில் இருந்ததைவிடக் கால் கிலோ குறைந்தது.

சின்ன வித்தியாசம்தான், விடுங்கள் என்றேன். அவர் விடவில்லை. இரண்டு நாள் பிராக்கெட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். வார்ப்பில் ஒரு மூலையும் கூராக இருக்காது, உள் மூலைகளில் எல்லாம் இரும்பு வளைந்து நிரம்பியிருக்கும். அவர் வடித்ததில் எல்லா மூலையும் கூர். மூலையை வளைக்கிற பாடத்தை நான் நடத்தவே இல்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் அதைச் செய்தால் திரை உறைந்துபோகும். அதனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தாண்டிப் போய்விடுவேன். அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் நடத்தாத பாடத்தின் எடை கால் கிலோ என்று அவர் நோட்டில் ஏறியது.

இன்னொரு பாடத்தை மட்டும் அன்றைக்கு நடத்தாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. படத்தில் அளவுகளை எழுதுகிற பாடம். இரண்டு புள்ளிகளைக் காட்டினால் கம்ப்யூட்டரே தூரத்தை அளந்து எண்ணை எழுதிவிடும். விரும்பினால் அந்த எண்ணை அழித்துவிட்டு நாமே ஒன்றை அடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த வழியைக் காட்டிவிட்டு, பெரிய மனுஷி மாதிரி ஒரு வசனமும் பேசினேன். இதை ஒருபோதும் செய்யக் கூடாது, கோடு ஒன்றும் எண் ஒன்றுமாக இருந்தால் அது பிழை இல்லை, பொய். தானாக அப்படி நடக்கவே நடக்காது, ஒருவர் தெரிந்து செய்தால்தான் உண்டு. அவர் அதை வார்த்தை மாறாமல் முதல் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

என் அப்பா வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் குமாஸ்தா. அந்த மார்ச்சில் ஓய்வு. ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். அப்பா, அம்மா, பள்ளிக்கூடத்தில் படிக்கிற தங்கை மூவரும் மலையிலிருந்து இறங்கி என்னிடம்தான் வர வேண்டும். நானோ ஹாஸ்டலில் ஒரு கட்டிலில் இருந்தேன். டீ குடிக்கிற நேரத்தில் ஒரு நாள் இந்த அம்மா விசாரித்ததால் இதையெல்லாம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பம்ப் கம்பெனி தன் காகிதப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையை எங்கள் சென்டருக்குக் கொடுத்தது. நான் மாலையில் உட்கார்ந்து செய்தேன். அவர்களுடைய டிசைன் மேனேஜர் சாந்தமான மனிதர். வரைபலகையில் பென்சிலால் வரைந்தே தலை நரைத்தவர், கம்ப்யூட்டர் தெரியாது. என் வேலை பிடித்துப்போய், இந்தக் கடைசிப் படமும் சரியாக வந்தால் எங்கள் டிசைன் ஆபீஸிலேயே உனக்கு ஒரு இடம் என்று சொல்லியிருந்தார். நிரந்தர வேலை. வீட்டு வாடகைக்கும் படி உண்டு. உக்கடத்திலும் போத்தனூரிலும் நான் வீடு பார்க்கவே ஆரம்பித்துவிட்டேன்.

கடைசிப் படம் ஒரு பிராக்கெட். முப்பரிமாணத்தில் வடித்து, துளைகளைக் கழித்து, அதிலிருந்து தட்டைப் படம் எடுத்து, அளவுகளை எழுத வேண்டும். ஐந்து மணிக்குக் கம்பெனி ஆள் ஃப்ளாப்பிக்காக வந்து உட்கார்ந்துவிட்டார். அளவு எழுதும்போது பார்க்கிறேன், இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே 132 இருக்க வேண்டிய இடத்தில் 131.2 என்று வருகிறது. ஒரு துளையைச் சரியான புள்ளியில் பிடிக்காமல் கண்மதிப்பில் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு தடவை கழித்துவிட்டால் கழித்ததுதான். திருத்த வேண்டுமென்றால் பிராக்கெட்டை முதலிலிருந்து வடிக்க வேண்டும், அரை நாள் வேலை. வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் 131.2-ஐ அழித்துவிட்டு 132 என்று அடித்தேன். படிக்கிறவன் எண்ணைத்தானே படிப்பான் என்று நினைத்தேன். ஃப்ளாப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த ஃப்ளாப்பி சூலூருக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாற்பது பிராக்கெட்டுக்குத் துளை போடும் வேலையைப் பம்ப் கம்பெனி அவர்கள் பட்டறைக்குத்தான் கொடுத்திருந்தது. புது மெஷினுக்கு எண் தெரியாது, கோடுதான் தெரியும். வேறு யாராக இருந்தாலும் ஃப்ளாப்பியைச் செருகிப் பட்டனை அழுத்தியிருப்பார்கள். நாற்பதும் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இந்த அம்மா திறந்து பார்த்தார். அளந்தார், நான் சொல்லிக்கொடுத்த கட்டளையால்.

என்னிடம் வந்து காதோடு சொல்லியிருக்கலாம். சென்டர் போன் நம்பர் அவரிடம் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் பம்ப் கம்பெனிக்குத்தான் போன் போட்டார். மறுநாள் காலை மேனேஜர் வந்துவிட்டார். முதலாளியின் கண்ணாடி அறையில் முதலாளி, மேனேஜர், நான், ஒயர் கூடையோடு அந்த அம்மா. வெளியே வாசலில் அந்த ரப்பர் செருப்பு, சுவருக்கு நேராக.

படத்தைத் திறந்து, இரண்டு துளைகளிலும் அழுத்திக் காட்டினார். 131.2. மேலே எழுதியிருப்பது 132. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எப்படிங்க ஆகும்?" என்று அவர் என்னிடம் கேட்கவில்லை, அந்த அம்மாவிடம் கேட்டார். "கவனக் குறைவுன்னா சரி, பழக்கிக்கலாம். வேணும்னு மாத்தி எழுதியிருந்தாங்கன்னா அப்படி ஒரு ஆளை நான் டிசைன்ல உக்கார வைக்க முடியாது. நீங்களும் படிச்சிருக்கீங்க, சொல்லுங்க. தானா இப்படி வருமா?"

அந்த அறையில் விடை தெரிந்தவர்கள் இரண்டே பேர். மேனேஜருக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நோட்டு கூடையில் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜை மேல் இருந்த ஃப்ளாப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரவிக்கைத் துணி விற்ற மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். நாலு சென்டிமீட்டருக்கே குடோன்.

"வருமுங்க," என்றார் அவர். "தெரியாம நடந்துபோச்சாட்டிருக்குதுங்க. மொதல்ல எழுதுன எண்ணு அப்படியே நின்னுபோயிருக்கும். அம்மணி வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க."

மேனேஜர் தலையாட்டினார். இனிமேல் ஜாக்கிரதையாக இரு என்று என்னிடம் சொல்லிவிட்டு, படத்தைத் திருத்தி அனுப்பச் சொன்னார். அடுத்த மாதம் வேலைக்கான ஆர்டர் வந்தது. ஜூனில் அப்பாவும் அம்மாவும் தங்கையும் போத்தனூர் வீட்டில் சாமான் இறக்கினார்கள்.

நன்றி சொல்லத்தான் மறுநாள் அவர் பக்கத்தில் போய் நின்றேன். வாய் திறப்பதற்குள் அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். அந்தப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. 132, 131.2, 0.8. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. சொன்னது என்ற கட்டத்தில், தெரியாமல் செய்தது என்று இருந்தது. இருந்தது என்ற கட்டத்தில், தெரிந்தே செய்தது. மூன்றாவது கட்டம் காலி.

"நான் சொன்னதையும் எழுதோணுமில்லீங்களா," என்றார்.

ஊர் முழுக்க அளந்து எழுதிய நோட்டில் அவர் எழுதிய அவருடைய ஒரே பொய் அது, எனக்காகச் சொன்னது. அதற்கு என் காலில் விழுந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழிக்கத் தோன்றியது. காட்டிக்கொடுத்திருந்தால் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், வேறு வேலை தேடிக்கொண்டு ஒரு வருஷத்தில் அவரை மறந்திருப்பேன். பட்டறைக்கு ஆர்டர் பிடிக்கக் கம்பெனிக்குள் ஒரு ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் என்றுகூடச் சில வருஷம் நம்பினேன், நம்ப விரும்பினேன். அவர் என்னிடம் ஒரு ஆர்டர் கேட்டதில்லை, ஒரு சிபாரிசு கேட்டதில்லை. அவர்கள் பட்டறையிலிருந்து ஃப்ளாப்பி வரும், பிறகு சி.டி. வந்தது, பிறகு மெயில் வந்தது. ஒவ்வொன்றோடும் அவருடைய கையெழுத்தில் ஒரே வரி வரும்: அளந்து பார்த்தது. மெயிலில்கூட அந்த வரியைக் காகிதத்தில் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பினார்.

நான் அதற்குப் பிறகு ஒரு எண்ணையும் கையால் அடித்ததில்லை. என் கீழே வேலை பார்க்கிறவர்கள் என்னை ஒழுங்கானவள் என்கிறார்கள். ஒழுங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. சூலூரில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு படத்திலும் இரண்டு துளைகளை அழுத்தி அளக்கும்போது அவரை மனசுக்குள் ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் அளக்கிறேன்.

போன வருஷம் சூலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. முதல் வரிசையில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், கால் கேட்கவில்லை. நல்லா இருக்கீங்களாங்க அம்மணி என்றார். இன்னும் 'ங்க'. நான் சுற்றி வளைக்கவில்லை. அந்த நோட்டு இருக்கிறதா, அந்த மூன்றாவது கட்டத்தில் கடைசியில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நோட்டு இருக்குதுங்க," என்றார். "அதை மட்டும் இன்னும் எழுதலீங்க. அம்மணி வேலையை முடிச்சு வெளியில வரட்டும், அப்புறம் பாத்து எழுதிக்கலாம்னு விட்டுபோட்டனுங்க. பந்தி போட்டுட்டாங்க, சாப்புட்டுப் போங்க."

நான் ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது.